புல்லட்டுக்கு ஏன் இத்தனை கனம்?

தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகன் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டான். அடுத்த ஆனி மாசம் லடாக் போகணும்னு அவனுக்கு ஆசை. அதுக்காகப் புது வண்டி வாங்கப் போகிறான். "மாமா, தூரம் தொலவு போற வண்டி லேசா, நல்ல பவரா இருக்கோணுங்களா? இல்ல நம்ம புல்லட்டாட்ட கனமா, நிதானமா இருந்தாத்தான் நல்லதுங்களா?"

நான் யோசிக்கவே இல்லை. "கனமா இருந்தாத்தான் மாப்ள ரோட்டைப் புடிச்சு நிக்கும்"னு சொல்லிட்டேன். எங்கப்பா எனக்குச் சொன்ன வார்த்தை அது. அவருக்கு வண்டியை வித்தவர் அவருக்குச் சொல்லியிருப்பார்.

அவன் போன பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. போன தை மாசம் வால்பாறை மலைப்பாதையில் நடந்ததை நான் அவனிடம் சொல்லவே இல்லை. ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறியிருப்பேன். மேலேயிருந்து பஸ் இறங்கி வந்தது. வழி விடலாம்னு ஓரம் கட்டி நிறுத்தி, காலை ஊன்றினேன். ஊன்றின இடம் பரல் கல்லு. கால் வழுக்கியது, வண்டி மெதுவா, ரொம்ப மெதுவா சாய்ந்து படுத்துவிட்டது. வண்டி மேல குத்தம் இல்லைங்க, இடம் பார்க்காமல் கால் வைத்தது நான்தான். முன்னாடி கிராஷ் கார்டு இருந்ததால் கால் தப்பியது. ஆனால் வண்டியைத் தூக்க முடியவில்லை. மூணு தடவை முயற்சி பண்ணினேன். மூட்டில் ஊசி குத்தின மாதிரி வலி. கடைசியில் 100 சிசி வண்டியில் வந்த ரெண்டு பசங்க இறங்கி வந்து தூக்கி விட்டாங்க. அதில் ஒருத்தன், "ஐயா, இந்த வயசுல இது எதுக்குங்க?"ன்னு கேட்டான். மரியாதையாத்தான் கேட்டான். அன்னைக்கு ஊர் திரும்பினதிலிருந்து சந்தைக்கும் மண்டிக்கும் தவிர அந்த வண்டியை வெளியே எடுக்கவில்லை.

அப்படி இருக்கையில் மாப்பிள்ளைக்கு நான் என்ன யோக்கியதையில் பதில் சொன்னேன்? இந்தக் கனம் எங்கிருந்து வந்தது, அது எதுக்கு, அதுக்கும் தூரப் பயணத்துக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டான்னு தேடிப் படித்தேன். படித்ததில் எனக்கே ஆச்சரியமான சங்கதிகள் நிறைய.

புல்லட் பிறந்தது இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊரில். தையல் ஊசி செய்வதற்குப் பேர்போன ஊர் அது. ராயல் என்ஃபீல்டு கம்பெனி அங்கேதான் 1901ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்கிற பேர் 1930களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டாலும், நாம பார்த்து வளர்ந்த புல்லட்டின் மூதாதை 1948ல் வந்தது. பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் வைத்த வண்டி. அந்தக் காலத்து வண்டிகள் பலதில் பின்னாடி சஸ்பென்ஷனே கிடையாது, சீட்டுக்கு அடியில் ரெண்டு ஸ்பிரிங் இருக்கும், அவ்வளவுதான். இந்தப் புது வண்டியை விற்பனைக்கு விடும் முன்னாடியே போட்டிகளில் ஓட்டினாங்க. 1948ல் இத்தாலியில் சான்ரேமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் ஜெயித்த பிரிட்டிஷ் அணியில் புல்லட்டும் இருந்தது. பிறகு ஜானி பிரிட்டன் என்கிறவர் ஸ்காட்லாந்து ஆறு நாள் டிரையலை 1952லயும் 1957லயும் புல்லட்டில் ஜெயித்தார்.

டிரையல் போட்டின்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா விசயம் புரியும். அதில் வேகம் முக்கியமே இல்லை. பாறை, ஓடை, சேறு, செங்குத்தான மேடு, இது வழியாகக் காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை ஏற்றணும். கால் பட்டால் மார்க் போச்சு. அப்படிப்பட்ட போட்டியில் ஜெயிக்கிற வண்டி பாரவண்டியாக இருக்க முடியுமா? அந்தக் காலத்து 350 சிசி வண்டிகளோட ஒப்பிட்டால் புல்லட் சுறுசுறுப்பான வண்டி. சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஆயிலுக்குத் தனி டேங்க் வைக்காமல் இஞ்சினோடயே சேர்த்து வைத்தாங்க. கியர் பாக்ஸை இஞ்சின் முதுகில் போல்ட்டு போட்டு இறுக்கினாங்க. சுமார் 160 கிலோ, 18 எச்.பி. அன்னைக்கு அது நல்ல கணக்கு.

எங்கப்பா கனத்துக்காகக் கொண்டாடின வண்டி, பிறக்கும்போது துள்ளிக் குதிச்ச காளங்கன்னு! இதைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நம்ம நாட்டுக்கு அது வந்த கதை பல பேருக்குத் தெரிஞ்சதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டது. 1950களின் முதல் பாதியில் 800 புல்லட்டுக்கு அரசாங்கம் ஆர்டர் கொடுத்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பாகங்களைக் கொண்டு வந்து இங்கே பூட்டினாங்க. 1960களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகமும் இங்கேயே செய்யும்படி ஆகிவிட்டது.

அங்கே இங்கிலாந்தில் என்ன நடந்ததுன்னா, அவங்க பவர் பின்னாடி ஓடினாங்க. 700 சிசி, பிறகு 736 சிசியில் ரெட்டை சிலிண்டர் இன்டர்செப்டர், எல்லாம் அமெரிக்கா மார்க்கெட்டை நம்பி. ஜப்பான்காரன் லேசான, ஆயில் ஒழுகாத, பட்டன் அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிற வண்டியைக் கொண்டு வந்து இறக்கினான். 1967ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடியாச்சு. 1970ல் கடையையே மூடிட்டாங்க. திருவொற்றியூரில் மட்டும் அதே 1950களின் வண்டி வந்துகொண்டே இருந்தது. 1977ல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் பண்ணினாங்க. தாய் வீட்டில் அடுப்பு அணைஞ்ச பிறகு, கட்டிக் கொடுத்த மக வீட்டிலிருந்து சோறு போன மாதிரி.

இங்கே ஏன் மாற்றவில்லை? மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. லைசென்ஸ் காலம். போட்டிக்கு மைசூரில் ஜாவா, அப்புறம் எஸ்டி, வடக்கே ராஜ்தூத். அவ்வளவுதான். வெளிநாட்டு வண்டி வரக் கதவே கிடையாது. செய்ததெல்லாம் வித்துப்போகும்போது எவன் மெனக்கெட்டு மாற்றுவான்?

ஆனால் அந்த வண்டி நம்ம ஊருக்குப் பொருந்திப் போனதுக்கும் காரணம் இருக்கு. இஞ்சின் சிலிண்டர் 70 மில்லி மீட்டர் அகலம், பிஸ்டன் ஏறி இறங்கறது 90 மில்லி மீட்டர். நீள ஸ்ட்ரோக். உள்ளே பெரிய ஃப்ளைவீல். அழுத்த விகிதம் குறைவு, அதனால் மட்டமான பெட்ரோலையும் தின்னும். கிணத்து மேட்டில் கமலை போய் ஆயில் இஞ்சின் வந்த காலத்தைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த இஞ்சின் பக்கத்தில் ஒரு ஆள் உயரத்தில் பாதிக்கு இரும்புச் சக்கரம் சுத்தும். ஒரே சிலிண்டர், ரெண்டு சுத்துக்கு ஒரு வெடி. அடுத்த வெடி வரும் வரைக்கும் இஞ்சினை நிற்காமல் இழுத்துக்கிட்டுப் போறது அந்தச் சக்கரத்தோட கனம். புல்லட்டுக்குள்ள இருக்கிறதும் அதே வேலைதான். டாப் கியரில் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தாலும் டக்டக்குன்னு இழுக்கும். எதிரே ஒரு லாரி வந்தால் மண்ணில் இறங்கி வழி விடற ஒத்தை வழிச் சாலை, மணிக்கு 50 கிலோமீட்டர், அதுக்கு 18 எச்.பி. தாராளம்.

ரிப்பேரும் அப்படித்தான். தாராபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெக்கானிக் இருந்தார். அப்பாவோட வண்டியை ரெண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு சிகரெட் அட்டை வைத்தே டியூன் பண்ணுவார். சிகரெட் அட்டை பாயிண்ட் இடைவெளி பார்க்க. கிக்கர் அடிக்கவும் ஒரு முறை உண்டு. டீகம்ப்ரஸர் லிவரை இழுத்துப் பிடிச்சு, ஆம்ப் மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் கிக்கரைத் தள்ளி, லிவரை விட்டு, அப்புறம் ஒரே மிதி. அவசரப்பட்டால் கெண்டைக்காலில் திருப்பி அடிக்கும். பதினாறு வயசில் நான் வாங்கின அடி இன்னும் நினைவிருக்கு.

சரி, லேசான பவரான வண்டி நம்ம நாட்டுக்கு வரவே இல்லையான்னு கேட்டால், வந்தது. 1983ல் ராஜ்தூத் 350. யமஹாவோட ஆர்.டி. 350யை எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே செய்தது. புல்லட் மாதிரியே 350 சிசிக்குச் சொச்சம் குறைவு. ஆனால் டூ ஸ்ட்ரோக், ரெட்டை சிலிண்டர். முதலில் வந்ததில் 30 எச்.பி.க்கு மேல. புல்லட்டை விட எடையும் குறைவு. மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு நாற்பது வருசம் முன்னாடியே வந்த பதில் அது. என்ன ஆச்சு? 1990 வாக்கில் உற்பத்தியே நின்று போச்சு.

பெட்ரோல் குடித்தது ஒரு காரணம், விலை இன்னொரு காரணம். எனக்கு முக்கியமாப் படறது வேற. யமஹாவோட ஒரிஜினல் வண்டியில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் உண்டு. இங்கே செய்ததில் செலவைக் குறைக்க டிரம் பிரேக் வைத்தாங்க. பவர் வந்தது, அந்தப் பவரை நிறுத்தற சாமான் வரவில்லை. ஓட்டத் தெரியாத பசங்க கையில் அது சிக்கி, பேரே 'ரேபிட் டெத்'னு ஆகிப் போச்சு. எங்க வட்டாரத்தில் ஒரு மில் முதலாளி வீட்டில் மட்டும் ஒண்ணு இருந்தது. சத்தம் கேட்டால் வேலி ஓரம் ஓடிப் போய் நிற்போம், கண்ணில் படறதுக்குள்ள புகை மட்டும் மிச்சம் இருக்கும்.

இதுக்கு நேர் எதிரான கூத்தும் நடந்தது. 1990களில் டீசல் புல்லட் வந்தது. 325 சிசி, 6.5 எச்.பி. எங்க போர் மோட்டாரே 7.5 எச்.பி.! பெட்ரோல் புல்லட்டை விட அது கனம் வேற. நாலு பேர் கேலி பண்ணினாலும் விவசாயிங்க பல பேர் ஆசையா வாங்கினாங்க. டிராக்டருக்கு வாங்கி வைத்த டீசலையே ஊற்றிக்கலாம், லிட்டருக்கு நல்ல தூரம் போகும். மேட்டில் ஏறும்போது பக்கத்தில் சைக்கிள்காரன் பேசிக்கிட்டே வருவான், அது வேற கதை. புகைக் கட்டுப்பாடு இறுகினதும் 2000த்தை ஒட்டி அதுவும் நின்றது.

ஆக ஒரு பக்கம் பவர் மட்டும், இன்னொரு பக்கம் கனம் மட்டும். ரெண்டுமே நிலைக்கவில்லை.

பிறகு ரோடு மாறியது. இதைத்தான் நான் மாப்பிள்ளையிடம் பேசும்போது கணக்கில் எடுக்கவே இல்லை. நாலு வழிச் சாலை வந்த பிறகு லாரியே 80ல் போகுது, கார் 100க்கு மேல போகுது. அப்பா வண்டியில் நான் 60ல் போனால் பின்னாடி வர்றவனுக்கு நான் ஒரு தடுப்பு. ஒரு கன்டெய்னர் லாரியைத் தாண்டணும்னால் முறுக்கிப் பிடித்தும் அரை நிமிசம் அதோட பக்கத்திலேயே ஓடணும். அந்த அரை நிமிசத்தில் உயிர் கையில் இருக்கும். அங்கே பவர் ஆடம்பரம் இல்லைங்க, தப்பிக்கிற வழி.

மலைக்கும் அதேதான். லே நகரமே கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர். கர்துங்லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல. அங்கே காற்று மெலிசு. சமவெளியில் இஞ்சின் ஒரு மூச்சுக்கு இழுக்கிற காற்றில் அறுபது சதம்கூட அங்கே கிடைக்காது. காற்று குறைந்தால் எரியறது குறையும், பவரும் அந்த அளவுக்குக் குறையும். 18 எச்.பி. வண்டி அங்கே 10 எச்.பி. சொச்சம்தான். அதில் ரெண்டு பேரு, பின்னாடி மூட்டை. புல்லட்டில் அங்கே போனவங்க ஆயிரக்கணக்கில் உண்டு, நான் மறுக்கவில்லை. ராணுவமே ஓட்டியிருக்கு. ஆனால் அவங்க போனது பவர் போதும் என்கிறதால் இல்லை, வேற வண்டி இல்லாததால்.

இப்ப கனத்துக்கு வருவோம். 'கனமா இருந்தாத்தான் ரோட்டைப் புடிக்கும்' என்கிறது எங்கிருந்து வந்திருக்கும்னு யோசித்தேன். எனக்குத் தோன்றினது, விவசாயி புத்தி. டிராக்டருக்குக் கனம் வேணும். கலப்பை மண்ணுக்குள்ள இறங்கி இழுக்கும்போது டிராக்டர் லேசா இருந்தால் பின் சக்கரம் சும்மா சுத்தும். அதனாலதான் பின் டயரில் தண்ணி நிரப்பறோம், மூக்கில் இரும்புக் கட்டி மாட்டறோம். அங்கே கனம் வேலை செய்யுது. ரோட்டில் போற வண்டி எதையும் உழுவதில்லை. கனம் கூடினால் டயர் பிடிப்பு கூடும், நெசந்தான். ஆனால் பிரேக் போடும்போது நிறுத்த வேண்டிய பாரமும் அதே அளவுக்குக் கூடும். கணக்கு சரிக்குச் சரி. மலையிறக்கத்தில் டிரம் பிரேக் சூடாகிற வண்டிக்கு அதுவே எமன். பக்கத்தில் வேகமாப் போற பஸ்ஸோட காற்று அடிக்கும்போது கனமான வண்டி கொஞ்சம் குறைவாக ஆடும். அந்த ஒரு நன்மையை ஒத்துக்கறேன்.

ஓடும்போது கனம் ரொம்பத் தெரியாது. நானும் வீட்டுக்காரியும் மூட்டையும் சேர்ந்து 160 கிலோ வருவோம். வண்டியில் 20 கிலோ குறைந்தால் மொத்தப் பாரத்தில் இருபதில் ஒரு பங்குக்குச் சொச்சம் கூடத்தான் குறையும். ஆனால் நிறுத்தும்போது, திருப்பும்போது, சரிவில் பின்னாடி தள்ளும்போது, விழுந்ததைத் தூக்கும்போது அந்த 20 கிலோவும் முழுசா நம்ம இடுப்பில்தான். பாரம் எங்கே இருக்கு என்கிறதும் உண்டு. மாட்டு வண்டியில் தட்டு ஏத்தினவனுக்குத் தெரியும், முன்பாரமானால் மாட்டுக் கழுத்தை அமுக்கும், பின்பாரமானால் நுகத்தைத் தூக்கி மாட்டுக்குத் தொண்டையை இறுக்கும். மோட்டார் சைக்கிளில் உயரத்தில் இருக்கிற கனம் அந்த மாதிரி. தரையோடு இருக்கிற 180 கிலோவை விட, ஆளுயரத்துக்கு நிற்கிற 170 கிலோ சீக்கிரம் சாய்க்கும்.

ஐரோப்பாவில் இதே பாடத்தை நிறைய செலவு பண்ணிப் படித்திருக்காங்க. பி.எம்.டபிள்யூ 1980ல் ஆர் 80 ஜி/எஸ்னு ஒரு வண்டி விட்டது. ரோட்டுலயும் போகலாம், காட்டுலயும் போகலாம். 50 எச்.பி., 186 கிலோ. அந்த வகை வண்டி 1981லிருந்து 1985க்குள் பாரிஸ்–டக்கார் பாலைவனப் போட்டியை நாலு தடவை ஜெயித்தது. பிறகு வருசா வருசம் பவர் ஏறியது, கூடவே கனமும் ஏறியது. 2019 வாக்கில் ஆர் 1250 ஜி.எஸ். 136 எச்.பி., 249 கிலோ. அதுக்கப்புறம்தான் அவங்களுக்கே தாங்கவில்லை போல, 2023ல் வந்த அடுத்த வண்டியில் பவரைக் கூட்டி, 12 கிலோவைக் குறைத்தாங்க. டக்கார் போட்டி நடத்தறவங்க அதுக்கு முன்னாடியே, 2011லிருந்து, 450 சிசிக்கு மேல வண்டியே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வேகம் ஆளைக் கொன்றது.

நம்ம கதை இதை விட விசித்திரம். 1949ல் புல்லட் 18 எச்.பி., சுமார் 160 கிலோ. 2021ல் புது இஞ்சினோட வந்த கிளாசிக் 350, 20 எச்.பி., 195 கிலோ. எழுபத்திரெண்டு வருசத்தில் கூடினது 2 எச்.பி., 35 கிலோ! சும்மா ஏறின கனம் இல்லை என்கிறதையும் சொல்லணும். செல்ஃப் ஸ்டார்ட்டர், அதுக்குப் பெரிய பேட்டரி, டிஸ்க் பிரேக், 2019லிருந்து கட்டாயமான ஏ.பி.எஸ்., 2020ல் வந்த பி.எஸ். 6 விதிக்கான புகை வடிகட்டி, அதிர்வைக் குறைக்கிற பேலன்சர், நல்ல கெட்டியான சேஸ். எல்லாம் ஒவ்வொன்னாக் கிலோ சேர்த்தது. பிரேக்குக்காகக் கூடின கிலோவை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒரு உண்மை. அந்தக் கம்பெனி 2000த்தை ஒட்டி விற்பனை விழுந்து, மூடலாமா விற்கலாமான்னு நின்றபோது அதைத் தூக்கி நிறுத்தினதில் பெரிய பங்கு நம்ம மாதிரி ஆளுங்க மனசில் இருந்த 'கெத்து'க்கு. கனம், சத்தம், பெரிய டேங்க். நாம கனத்தைக் கேட்டோம், அவங்க கொடுத்தாங்க.

இதை எழுதும்போது எனக்கே சந்தேகம் வந்தது. அப்பா வண்டி 165 கிலோவுக்குள்ள இருக்கணுமே, பிறகு ஏன் நான் தூக்க முடியாமல் தவித்தேன்? மறுநாள் மக்காச்சோளம் ஏத்தற எடை மேடைக்கு வண்டியை ஓட்டிப் போனேன். அங்கே இருக்கிற தம்பி சிரித்தான். போட்டால் 195 கிலோ!

வீட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பின்னாடி அப்பா பட்டறையில் அடிச்சு வாங்கின கேரியர், கால் அங்குலப் பட்டையில். பால் கேன் கட்டறதுக்காக ரெண்டு பக்கமும் கொக்கிச் சட்டம். சேலை சிக்காமல் இருக்க ரெட்டைக் கம்பி வைத்த தடுப்பு. வலது பக்கம் இரும்பு டூல் பெட்டி, அதுக்குள்ள ஒரு பழைய செயின், சுத்தியல், எதுக்குன்னே தெரியாத ரெண்டு பேரிங். பின் கிராஷ் கார்டு. முன் கிராஷ் கார்டு, அது டிராக்டர் பம்பர் மாதிரி. ஒவ்வொன்னும் ஒரு காலத்தில் ஒரு காரணத்துக்காக மாட்டினது. பால் கேன் போய் இருபது வருசம் ஆச்சு, கொக்கி போகவில்லை.

எல்லாத்தையும் கழட்டினேன். துருப்பிடிச்ச போல்ட்டுக்கு ஒரு முழு நாள் ஆச்சு. முன் கிராஷ் கார்டை மட்டும் திரும்ப மாட்டிட்டேன், என் காலைக் காப்பாத்தினது அதுதான். மறுபடி எடை மேடை. 175. தம்பி இந்தத் தடவை சிரிக்கவில்லை, "அண்ணா, என் வண்டியையும் ஒருக்கா போட்டுப் பாக்கறேனுங்க"ன்னு சொன்னான்.

தென்னந்தோப்பில் மட்டையும் சருகும் பரப்பி அதன் மேல வண்டியைப் படுக்க வைத்துத் தூக்கிப் பார்த்தேன். தூக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. சீட்டுக்கு முதுகு காட்டி, முட்டியை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கையில் பின்பக்கச் சட்டம், காலால் பின்னாடி நடந்துகொண்டே எழணும். இடுப்பால் தூக்கக் கூடாது. ரெண்டாவது தடவையில் எழுந்துவிட்டது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். நான் அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொன்னேன். அவன் மனசில் இருந்தது புது ஹிமாலயன். 2016ல் வந்த முதல் ஹிமாலயன் 411 சிசி, 24 எச்.பி. சொச்சம். கடைசி வருசங்களில் 199 கிலோ. 2023 கடைசியில் வந்த புதுசு 452 சிசி, 40 எச்.பி., 196 கிலோ. பவர் ஒண்ணரை மடங்குக்கு மேல ஏறி, கனம் மூணு கிலோ குறைந்திருக்கு. கம்பெனிக்காரங்க இந்தப் பக்கம் திரும்பினதே பெரிசு, ஆனால் 196 இன்னும் கனந்தான். கர்துங்லாவிலும் அது 20 எச்.பி.க்கு மேல கொடுக்கும், எங்கப்பா வண்டி சமவெளியில் கொடுக்கிறதை விட அதிகம். இன்னொரு பக்கம் 200 சிசியில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் இருக்கு, 18 எச்.பி., 155 கிலோவுக்கு அக்கம்பக்கம். 1949 புல்லட்டோட அதே கணக்கு, பாதிக்குச் சொச்சம் கூட இஞ்சினில்! தனியாப் போறவனுக்கு, அவசரம் இல்லாதவனுக்கு அது போதும்னு நான் நினைக்கிறேன். ஜோடியாப் போறதுன்னால் போதாது. நாலு வழிச் சாலையிலயே திணறும்.

"தனியாப் போறயா, ஜோடியாப் போறயா?"ன்னு கேட்டேன்.

"அவளும் வர்றேங்கறா மாமா."

"அப்பன்னா 40 எச்.பி. எடுத்துக்க. ஆனா அதுக்கு மேல இரும்பு பொட்டி கிட்டி எதையும் மாட்டாத. வாங்கின உடனே இங்க தோப்புக்கு ஓட்டிட்டு வா. சருகு மேல சாய்ச்சுப் போட்டுத் தூக்கிப் பாக்கலாம். நீ ஒருக்கா, அவ ஒருக்கா."

"புது வண்டியவா மாமா?"ன்னு அவன் குரலே மாறிப் போச்சு.

தை பிறந்ததும் நான் வால்பாறை போறேன். பழைய கேரியரும் கொக்கிச் சட்டமும் டூல் பெட்டியும் இப்போ மாட்டுச்சாலையில் கிடக்குது, பழைய இரும்புக்காரர் வந்தால் போடணும்.